கையெழுத்து வாங்கும் முன் இரண்டு நிமிஷம்

வடசென்னை ஆஸ்பத்திரிகளில் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டர்களுக்கு,

வணக்கம். நான் திருவொற்றியூர்க்காரன். போன வருஷம் என் 9 வயதுப் பையனுக்கு அவசரமாகக் குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) ஆபரேஷன் நடந்தது. எந்த ஆஸ்பத்திரி என்பதை விடுங்கள். பையன் நன்றாக இருக்கிறான், வைத்தியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

முதல் நாள் தொப்புளைச் சுற்றித்தான் வலி என்றான். முந்தின நாள் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட்டிருந்தோம், அதனால் ஓம வாட்டர் கொடுத்தோம். என் அம்மா சூட்டு வலி என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார். மறுநாள் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கியது, காய்ச்சலும் வந்தது. ஆட்டோ பள்ளத்தில் விழுந்த ஒவ்வொரு தடவையும் காலை மடக்கிக்கொண்டு அலறினான். குலுங்கினால் அப்படி வலிப்பது அழற்சி வயிற்றின் உள்சவ்வைத் தொட்டுவிட்டதற்கு அடையாளமாம். எங்கள் ரோடே இலவசமாகச் செய்து கொடுத்த பரிசோதனை!

இரவு 11 மணிக்கு ஒரு ஃபாரத்தை நீட்டினார்கள். "அப்பெண்டிக்ஸ் வெடிச்சிருக்கு போல. உடனே எடுக்கணும், இங்க கையெழுத்து போடுங்க." ஃபாரம் ஆங்கிலத்தில் இருந்தது. போட்டேன். காலையில் பார்த்தால் வலது பக்கம் நீளமாக ஒரு கட்டு.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "ஏன் கிழிச்சாங்க? ஓட்டை போட்டுச் செய்யலையா?" என் தங்கச்சி மகளுக்கு மூன்று சின்னத் துளையில் முடிந்து, மூன்றாம் நாள் வீட்டில் இருந்தாள். காசு இருந்தால் ஓட்டை, இல்லாவிட்டால் கத்தி என்பது எங்கள் தெருவின் தீர்ப்பு. ஜெர்மனியில் கர்ட் செம் என்ற டாக்டர் முதன்முதலில் துளை வழியாகக் குடல்வாலை எடுத்தது 1980இல். இத்தனை வருஷம் கழித்தும் எங்கள் பக்கம் அது பணக்கார ஆபரேஷன்தான்.

ஒரு வாரம் கழித்து ஒரு பயிற்சி டாக்டர், சின்னப் பையன், ஸ்கேன் கவரின் பின்னால் ஒரு தொப்பை வரைந்து மூன்று புள்ளி வைத்தார். தொப்புள் பக்கத்துத் துளையில் கார்பன் டை ஆக்சைடு வாயுவை ஏற்றி, வயிற்றை உப்ப வைத்து, கேமராவை விடுவார்கள். மற்ற இரண்டில் கருவிகள். புண்ணில் சீழ் பிடிப்பது குறைவு, ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாக வீட்டுக்குப் போகலாம். பெண் பிள்ளை என்றால் வலி சினைப்பையிலிருந்து வருகிறதா என்றும் பார்த்துவிடலாம். அப்புறம் வலது பக்கம் ஒரு கோடு போட்டார். அது எங்கள் பையனுடையது. வெடித்த குடல்வாலையும் துளை வழியாக எடுப்பதுண்டு, ஆனால் பழகிய கை வேண்டும், அந்த நேரத்தில் கருவியும் இருக்க வேண்டும். துளையில் தொடங்கி, உள்ளே எல்லாம் ஒட்டிக் கிடந்தால், பாதியில் வெட்டுக்கு மாறுவதும் உண்டு.

பையன் ஒரு வாரம் ட்ரிப்ஸோடு படுத்திருந்ததற்கு வெட்டைவிட வெடிப்புதான் பெரிய காரணம் என்றார். அதாவது, நாங்கள் ஓம வாட்டரோடு கழித்த அந்த ஒரு நாள். ஒரு வாரமாகத் திட்டுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்த எனக்கு அதைக் கேட்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

படம் போட அவருக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அதைக் கையெழுத்துக்கு முன்னால் போடுங்கள். எந்த முறை, ஏன், நடுவில் மாறுமா என்று தமிழில் சொல்லுங்கள். ராத்திரியில் கருவியோ ஆளோ இல்லையென்றால் அதையும் சொல்லிவிடுங்கள், சண்டைக்கு வரமாட்டோம்.

இப்படிக்கு,
ஸ்கேன் கவரை இன்னும் பீரோவில் வைத்திருக்கும் ஒரு அப்பா