பெண் கொடுக்காத வீட்டில் பிறந்தவளுக்கு

அன்புள்ள அங்கெசெனமூனுக்கு,

பெர்லினில் இருக்கும் சுண்ணாம்புக்கல் சிற்பத்தில் நீ கைக்குழந்தை. அம்மா நெஃபர்டீட்டீயின் தோளில் தொற்றிக்கொண்டு, அவள் கிரீடத்தில் தொங்குவதைப் பிடித்து விளையாடுகிறாய். எதிரே அப்பா, எகிப்து அரசர் அக்கெனதென், உன் பெரியக்காவைத் தூக்கி முத்தமிடுகிறார். சின்னக்கா அம்மாவின் மடியில். உங்கள் வீட்டில் மொத்தம் ஆறு பெண்கள். அந்தச் சின்னக்கா சிறு வயதிலேயே போய்விட்டாள். அம்மாவும் அப்பாவும் அழுது நிற்பதை, அப்பாவின் தலைநகரான அமர்னாவின் கல்லறைச் சுவரில் செதுக்கியிருக்கிறார்கள்.

உங்கள் குடும்பம் பெண் எடுக்கும், கொடுக்காது. உன் தாத்தா மூன்றாம் அமென்கோதேப்பிடம் பாபிலோன் அரசன் பெண் கேட்டான். அவன் தங்கை ஏற்கெனவே உன் தாத்தாவின் அந்தப்புரத்தில்தான் இருந்தாள். ஆனாலும், எகிப்து அரசனின் மகளை யாருக்கும் கொடுக்கும் வழக்கமே இல்லை என்று பதில் போனது. சரி, அழகான பெண் யாரையாவது அனுப்புங்கள், அவள் அரசன் மகள் இல்லையென்று இங்கே யார் சொல்லப்போகிறார்கள் என்று எழுதினான் பாபிலோன்காரன். (கௌரவம் எதில் இருக்கிறது என்று தெரிந்தவன்!) அதற்கும் மசியவில்லை தாத்தா.

வெளியே கொடுக்காவிட்டால் உள்ளேதான். உன் அத்தை சித்தாமூன் சொந்த அப்பாவுக்கே பட்டத்தரசி என்று பட்டம் பெற்றாள். நீ எகிப்து அரசன் துட்டன்காமனுக்கு வாழ்க்கைப்பட்டாய். அப்பா வழித் தம்பி என்றே பலரும் சொல்கிறார்கள். தங்கச் சிம்மாசனத்தின் முதுகுப்பலகையில் அவன் தோளில் நறுமணத் தைலம் தடவி நிற்கிறாய். அவன் கல்லறையில் பிறக்காமலே போன இரண்டு பெண் சிசுக்கள் கிடைத்தன. உன் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும்.

கி.மு. 1323 வாக்கில் அவன் இறந்தான். இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட இட்டைட்டு மக்களின் அரசன் சப்பிலுலியூமாவுக்கு எகிப்து அரசி ஒருத்தி கடிதம் எழுதினாள்: கணவர் இறந்துவிட்டார், எனக்கு மகன் இல்லை, உங்கள் மகன் ஒருவனைத் தாருங்கள், என் வேலைக்காரனை நான் மணக்க மாட்டேன், பயமாக இருக்கிறது. அது உன் அம்மா என்பாரும் உண்டு. நான் உன் பக்கம். பெண் கொடுக்காத வீட்டுப் பெண், தானே மாப்பிள்ளை கேட்டாள். சப்பிலுலியூமா நம்பாமல் விசாரிக்க ஆள் அனுப்ப, மகன் இருந்தால் என் அவமானத்தை அந்நிய நாட்டுக்கு எழுதுவேனா என்று அவள் சீறினாள். கடைசியில் இளவரசன் சன்னன்சா புறப்பட்டான், கொன்றுவிட்டார்கள்.

அரியணை ஏறியது அரண்மனையிலேயே முதிர்ந்த அய். அவர் பெயரும் உன் பெயரும் சேர்ந்த மோதிரம் ஒன்று உண்டு. அதை வைத்து உங்களுக்குக் கல்யாணம் நடந்ததாகச் சொல்கிறார்கள். நடந்திருந்தால் உன் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது என் கட்சி. அவர் கல்லறைச் சுவரில் மனைவியாக நிற்பது மூத்தவள் தேயிதான்.