படைப்பைத்தான் கொடுத்தோம், பெயரை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படைப்புகளைக் கட்டற்ற உரிமத்தில் பகிர்வோர் அண்மையில் மதுரையில் கூடியதைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த செய்தியை, அக்கூட்டத்தில் கலந்துகொண்டவன் என்ற முறையில் மகிழ்ச்சியோடுதான் படிக்கத் தொடங்கினேன். 'தங்கள் உரிமைகள் அனைத்தையும் துறந்தவர்கள்' என்று எங்களைப் பாராட்டிய வரி வந்ததும் அந்த மகிழ்ச்சி போய்விட்டது. கட்டற்ற உரிமப் படங்களின் இணையக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் நாங்கள் படங்களை ஏற்றும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்படி பதிப்புரிமை எங்களிடமே இருக்கிறது. எவரும் எடுத்தாளலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் படம்பிடித்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் பிறருக்குத் தர வேண்டும். உரிமை முழுவதையும் விட்டுக்கொடுக்க விரும்புவோருக்கு வேறு ஏற்பாடு உண்டு. எங்களில் பலர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. இவையெல்லாம் தாங்கள் அறியாதவை அல்ல. அப்படியிருக்க, அந்தச் செய்திக்கு மேலேயே நண்பர் ஒருவர் எடுத்த தேரோட்டப் படத்தைப் போட்டு, 'நன்றி: இணையம்' என்று அச்சிட எப்படி மனம் வந்தது?

இது எங்களுக்குப் புதிதன்று. கங்கைகொண்ட சோழபுரத்துச் சண்டேச அனுக்கிரகச் சிற்பத்தை, முகத்தில் விழுந்த நிழல் விலகும்வரை காத்திருந்து படமெடுத்து ஏற்றினேன். அடுத்த ஆண்டு நாட்காட்டி ஒன்றில் அதே படம் வந்தது. ஓரத்தில் அச்சிட்டவர்களின் பெயர் மட்டும் இருந்தது. தொலைபேசியில் கேட்டபோது, "நெட்ல கிடந்ததுதானே சார்" என்றார்கள். தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வழங்குவதற்காக 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களுக்கும் இதே கதிதான். தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களைத் தாங்கிய முகப்புப் பக்கத்தை நீக்காமல் எவருக்கும் வழங்கலாம் என்று ஒவ்வொரு கோப்பிலும் எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்தெறிந்துவிட்டு, அதே எழுத்துப்பிழைகளோடு அச்சாகி வந்த நூலைப் புத்தகக் கண்காட்சியில் என் கையாலேயே புரட்டிப் பார்த்திருக்கிறேன். இரவில் கண்விழித்து மெய்ப்புப் பார்த்தவர்கள் ஒரு காசும் கேட்கவில்லை; தங்கள் பெயர் அங்கே நிற்கட்டும் என்று மட்டுமே எண்ணினார்கள்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்டவருக்கும்கூடப் படைத்தவர் தாமே என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. எதையும் விற்காத எங்களுக்கு அது எப்படி இல்லாமற்போகும்?

தாங்கள் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தத் தேரோட்டப் படத்தை எடுத்தவரின் பெயரும் உரிமமும் பொதுவகத்தில் படத்துக்குக் கீழேயே உள்ளன. அவற்றை அடுத்த இதழில் ஒரு வரியில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருமங்கலம்.