தம்பிக்கு: அப்பாவின் பெட்டியில் உப்புத்தாள் படாது

தம்பி,

அப்பாவின் பெரிய தச்சுச் சாமான் பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. திதிக்கு ஊருக்கு வரும்போது மச்சில் ஏறித் தேடாதே, பெரியப்பா வீட்டில் போய்க் கேட்காதே. உன்னிடம் சொல்லாமல் எடுத்து வந்ததற்கு மன்னித்துக்கொள். சொல்லியிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய், அதனால்தான் சொல்லவில்லை.

என் போனை நீ எடுப்பதில்லை. இங்கே எழுதுவதைப் படிக்கிறாய் என்று தெரியும். நம் சொந்தபந்தமும் படிக்கிறது, அதனால் வீட்டு விவகாரம் எதையும் இங்கே இழுக்கப் போவதில்லை. பெட்டியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

சின்னப் பெட்டிக்கு நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. பாலிஷ் கடைக்காரர் மேல் கோபமில்லை. "புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்க" என்றது நீ. அவர் மெஷினில் உப்புத்தாள் மாட்டி இழைத்து, மெலமைன் பாலிஷ் அடித்துப் பளபளவென்று கொடுத்துவிட்டார். மூடியின் உள்பக்கம் அப்பா பென்சிலால் போட்டு வைத்திருந்த நிலைக் கதவு அளவுகள் எல்லாம் தூளாகப் போய்விட்டன. பெரிய பெட்டியும் அதே கடைக்குப் போகப் போகிறது என்று காதில் விழுந்ததும் பஸ் ஏறிவிட்டேன். நீ விலையைப் பற்றிப் பேசுவாய், அதற்கும் பதில் சொல்கிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் எந்தப் பழம்பொருள் கடையில் வேண்டுமானாலும் கேட்டுப் பார், பழைய பாலிஷை இழைத்து எடுத்த பெட்டிக்கு விலை குறையும்.

காப்பி டம்ளர் வைத்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா? சுடச்சுட இருந்த டம்ளரைப் பெட்டி மேல் வைத்துவிட்டு விளையாட ஓடிவிட்டாய். எடுத்துப் பார்த்தால் வெள்ளையாக ஒரு வளையம். உனக்கு அடி விழுமே என்று நான் பாவாடை நுனியால் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்தார். யாரையும் திட்டவில்லை. பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து, ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, உள்ளங்கையில் தட்டி ஈரம் பார்த்தார். வளையத்தின் மேல் நிறுத்தாமல் ஒரு வீச்சு இழுத்தார். அடுத்தடுத்த வீச்சில் வெள்ளை மங்கி, கடைசியில் காணாமலே போனது. "அரக்கு ஸ்பிரிட்டுல கரையும்டா. கை நின்னா பாலிஷு பிச்சுக்கிட்டு வந்துரும், ஓடிக்கிட்டே இருக்கணும்" என்றார். அப்புறம் பஞ்சை உன் கையில் கொடுத்து, உன் கைமேல் தன் கையை வைத்து இழுத்துக் காட்டினார். நானும் கையை நீட்டினேன். "பொம்பளப் புள்ள ஆயுதப் பெட்டியத் தொடக் கூடாது, உள்ள போ" என்றார்.

போனேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சின்னப் பையனாக இருந்தவனிடம் இதைக் கேட்பது நியாயமில்லை என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். அப்பா உன் கையில் கொடுத்ததை நீ என்ன செய்தாய்?

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். சாமான்களை வெளியே எடுத்து, மெல்லிய பிரஷ்ஷால் தூசியையும் இரும்புத் தூளையும் தட்டினேன். மூட்டு இடுக்குகளுக்கு மூங்கில் குச்சியில் பஞ்சு சுற்றிக்கொண்டேன். மேலே இருப்பது அரக்குப் பாலிஷ்தானா என்று தெரியாமல் எதையும் தடவக் கூடாது. அதனால் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பார்த்தேன். பிசுபிசுவென்று பழுப்பாக ஒட்டியது. அரக்கேதான். அத்தோடு ஸ்பிரிட் பாட்டிலை மூடி வைத்துவிட்டேன். சோப்பு, சலவைச் சோடா, கண்ணாடி துடைக்கும் அம்மோனியாத் தண்ணீர் எதுவும் அரக்குக்கு ஆகாது. ஈரம் தங்கினால் மறுபடி வெள்ளை பூத்துவிடும்.

டர்பன்டைன் அரக்கைக் கரைக்காது, எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் எடுக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தேன். வருஷா வருஷம் நீ பூசிவந்த தேங்காய் எண்ணெய்தான் அதிகம் வந்தது. அது காயாத எண்ணெய், தம்பி. பூசப் பூசத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நல்ல எண்ணத்தில்தான் செய்தாய், தெரியும்.

கைப்பிடியைச் சுற்றி இருந்த வேர்வைக் கறுப்பு டர்பன்டைனுக்கு அசையவில்லை. அதை எச்சிலால் எடுத்தேன். ஆமாம், ஆயுத பூஜையில் வைக்கும் பெட்டியில் எச்சில். சித்தி இதைப் படித்தால் என்ன சொல்வாள் என்று தெரியும், சொல்லட்டும். அருங்காட்சியகங்களில் பழைய ஓவியங்களையும் மரச் சாமான்களையும் இப்படியும் சுத்தம் செய்கிறார்கள். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதிதான் இந்த வேலையைச் செய்கிறது என்று போர்ச்சுகல் ஆராய்ச்சியாளர்கள் 1990இல் ஓர் ஆய்வே வெளியிட்டிருக்கிறார்கள். அப்பாவும் பென்சிலை நாக்கில் தொட்டுத்தானே இந்த மூடியில் எழுதினார்? பஞ்சைத் தேய்க்காமல் உருட்டி, அழுக்கானதும் மாற்றி, பிழிந்த ஈரப் பஞ்சால் ஒற்றி, உடனே உலர்த்தினேன். சாப்பிட்டுக் கை துடைத்துவிட்டு அவர் பிடிக்கும் அந்த இடத்தில் மரத்தின் சிவப்பு தெரிய ஆரம்பித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

கொண்டியைச் சுற்றி இருக்கும் நீலக் கறுப்பை விட்டுவிட்டேன். அது இரும்பும் மரத்தின் துவர்ப்பும் ஈரத்தில் சேர்ந்து உள்ளே இறங்கிய கறை, அழுக்கு இல்லை. மூடியின் உள்பக்கம் பாலிஷ் கிடையாது. அங்கே பென்சில் எழுத்து இருப்பதால் எந்தத் திரவமும் படவிடவில்லை, பிரஷ்ஷோடு நிறுத்திக்கொண்டேன். முன்பலகையில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டுகளின் தடமும் அப்படியே இருக்கிறது. எடுத்திருக்கலாம், வரும். எடுக்க மனசில்லை. கடைசியில் தேன்மெழுகை டர்பன்டைனில் குழைத்து மெலிதாகத் தேய்த்து, காய்ந்ததும் பழைய துணியால் மெருகேற்றினேன்.

நாம் பேசாத மற்ற விஷயத்தில் நான் சொன்னது கடுமையான வார்த்தைதான். அதை நேரில் பேசிக்கொள்வோம், இங்கே வேண்டாம்.

பெட்டியை உனக்குத் திருப்பித் தரமாட்டேன். எனக்கும் வைத்துக்கொள்ளப் போவதில்லை. உன் மகளுக்குக் கொடுக்கப் போகிறேன். போன லீவில் மூலைமட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இது எதற்கு, அது எதற்கு என்று என்னைத் துளைத்தெடுத்தது அவள்தான். உன் மகனுக்கு ஆசை இருந்தால் அவளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். திதிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வா, பள்ளிக்கூடம் என்று சாக்குச் சொல்லாதே. உன் ஷோகேஸில் இருக்கும் சின்ன இழைப்புளி இந்தப் பெட்டியுடையது. அதையும் எடுத்து வா.

அக்கா