அரங்க நிர்வாகக் குழுவுக்கு: முழுசாகக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுப் பெரியவர்களுக்கு, வணக்கமுங்க.

உங்கள் அரங்கத்தில் ஒரு பெண் காமெடியன் பேசவிருந்த எங்கள் நிகழ்ச்சியை, அவருடைய ஆல்பத்திலிருந்து நறுக்கிய ஒரு ஆடியோத் துண்டு வாட்ஸ்அப்பில் பரவியதும், எதற்காக ரத்து செய்தீர்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், இந்நேரம் காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்பவருக்கும் தெரிந்திருக்கும். அதனால் கதையை முதலிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை. கேட்பது ஒன்றுதான். அந்தப் பெண்ணின் காமெடி ஆல்பத்தை ஒரு தடவை, முழுசாக, உட்கார்ந்து கேளுங்கள். கேட்டுவிட்டு எங்களுக்கு வேறொரு தேதி கொடுங்கள்.

உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்தது நாற்பது நொடித் துண்டு. அதில் ஒரு குரல், "பொட்டப்புள்ளயப் படிக்க வெச்சா எவங்கூடவாவது ஓடிப்போயிரும், அந்தக் காசுக்கு நாலு எருமை வாங்கிக் கட்டுனா பாலாவது கறக்கும்" என்கிறது. கேட்டால் யாருக்கும் கோபம் வரும், வரத்தான் வேண்டும். ஆனால் அது அவருடைய பேச்சே இல்லை. அதற்கு முந்தின வரி, "எங்க பெரியப்பா டீக்கடை பெஞ்சுல உக்காந்தாருன்னா..." என்று தொடங்குகிறது. துண்டு போட்டவர் அந்த வரியை நறுக்கிவிட்டார். பிந்தின வரியையும் விட்டு வைக்கவில்லை. "சரிங்க பெரியப்பா, அந்த நாலு எருமைக்கும் சாணி வழிக்கறது யாரு, நீங்களா?" அவ்வளவுதான், அதற்கு மேல் சிரிப்புச் சத்தத்தில் அடுத்த வரி காதில் விழாது. மேடையில் என்றால் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, ஆளே மாறிவிடுவார். ஆடியோவில் தோள்துண்டு தெரியாது, முகம் தெரியாது, குரல் மட்டும்தான். முன்னும் பின்னும் வெட்டினால் பெரியப்பாவின் வாய் அவர் வாயாகிவிடுகிறது.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சனத்தைக் கேவலப்படுத்திவிட்டாள் என்று ஒரு கூட்டம் கொதித்தது. அதே துண்டைக் கேட்டுவிட்டு, ஒரு பெண்ணே பெண் பிள்ளைகளை மட்டம் தட்டலாமா என்று எதிர்ப்பக்கத்திலிருந்தும் பதிவுகள் வந்தன. இரண்டு கூட்டமும் வாழ்க்கையில் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது இதில்தான். முழுசாகக் கேட்டவர்களில் எங்கள் அத்தை ஒருவர். பெருந்துறைப் பக்கம் தோட்டத்தில் இருப்பவர், பேத்தியின் போனில் கேட்டார். முடிந்ததும் "இது நம்ம பெரிய மாமன் பேசறதாச்சே, அப்படியே இருக்குது" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வைக்கச் சொன்னார். எனக்கும் எல்லா ஜோக்கும் பிடித்துவிடவில்லை. எழவு வீட்டை வைத்து ஒரு பகுதி வருகிறது, நீளம் ஜாஸ்தி, ஓரிடத்தில் ருசியும் கெட்டுவிடுகிறது. அதை அவரிடமே சொன்னேன். பிடிக்காததைச் சொல்வதற்கு அதுதானே வழி?

இப்போது அந்த ஸ்கிரிப்ட் விவகாரத்துக்கு வருகிறேன். ரத்து செய்ததைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இதை முடியவில்லை.

துண்டு பரவ ஆரம்பித்ததும் நீங்கள் எங்களைக் கூப்பிட்டு, மேடையில் பேசப்போவது அத்தனையையும் எழுதிக் கொடுங்கள், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வேண்டும், இதைத் தவிர ஒரு வார்த்தை கூடப் பேசமாட்டேன் என்று தனியாக உறுதிமொழியும் வேண்டும் என்றீர்கள். சரி, பெரியவர்கள் கேட்கிறார்கள் என்று ஒத்துக்கொண்டோம். அவர் பேசப் பேச நான் டைப் செய்தேன். ஒரு ஜோக்கை டைப் செய்து பார்த்திருக்கிறீர்களா? கோர்ட் வாக்குமூலம் மாதிரி இருக்கும். கூட்டத்தைப் பார்த்து மாற்றிப் பேசும் இடங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல், அடைப்புக்குறிக்குள் "இங்கே முன்வரிசையில் இருப்பவரிடம் ஊர் கேட்கப்படும்" என்று எழுதினோம். அந்த முன்வரிசைக்காரர் சொல்லப்போகும் பதிலையும் எழுதச் சொல்லாமல் விட்டீர்களே, அதற்கு நன்றி.

தாள்கள் சிவப்பு மையோடு திரும்பி வந்தன. 'பெரியப்பா' வரும் இடமெல்லாம் வட்டம் போட்டு, ஓரத்தில் "உறவுமுறைகளைத் தவிர்க்கவும்". சீர்த்தட்டு பற்றிய பகுதி முழுக்கக் கோடு. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் கிணற்றை எட்டிப் பார்த்து, போர் எத்தனை அடி என்று கேட்பதாக ஒரு ஜோக். அதன் பக்கத்தில் "விவசாயிகள் மனம் புண்படும்". ஏனுங்க, நான் விவசாயி வீட்டுப் பையன்தான். எங்கள் தோட்டத்தில் ஆயிரம் அடி தாண்டியும் போர் வண்டிக்காரர் புகையைத்தான் காட்டிவிட்டுப் போனார். அந்தக் கடனில் புண்படாத மனம் இந்த ஜோக்கிலா புண்படப் போகிறது? எங்கள் அப்பா அதைக் கேட்டுவிட்டுத்தான் ரொம்ப நாளைக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தார்.

அதையும் திருத்தினோம். பெரியப்பாவை 'ஒரு முதியவர்' ஆக்கினோம். 'ஒரு முதியவர் டீக்கடை பெஞ்சில் அமர்ந்தாரென்றால்' என்று அந்தப் பெண் எங்கள் முன்னால் வாசித்துக் காட்டியபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை, அவருக்கும் வரவில்லை. இவ்வளவும் செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு, சனிக்கிழமை சாயங்காலம், 'நிர்வாகக் காரணங்களால்' என்று ஒரு வரி மெசேஜ். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள், ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. அந்த ஞாயிறுக்காக வேன் பேசி வைத்திருந்த பனியன் கம்பெனி செக்கிங் செக்‌ஷன் பெண்களுக்கு நான் ராத்திரி உட்கார்ந்து போன் போட்டேன். ரத்து செய்வதுதான் முடிவென்றால் அந்தச் சிவப்பு மை எதற்கு?

எழுதிக் கொடு, பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்பது புதுசு கிடையாது. வெள்ளைக்காரன் 1876-லேயே நாடகத்துக்கென்று சட்டம் போட்டான். இங்கே 1954-ல் வந்த நாடகச் சட்டம் எம்.ஆர். ராதாவை மனசில் வைத்து வந்தது என்று பெரியவர்கள் நீங்களே சொல்லியிருப்பீர்கள். அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல் தள்ளிவிட்டது. போலீஸே கேட்கக் கூடாது என்று ஆனதை மண்டபக் கமிட்டி கேட்கிறது.

குழந்தைகள் காதில் விழுந்துவிட்டது என்று ஒரு புகார் வந்ததாகச் சொன்னீர்கள். அமெரிக்காவில் இதே மாதிரி ஒன்று நடந்தது. 1973 அக்டோபர் 30, நியூயார்க்கில் ஒரு வானொலி நிலையம் பகல் இரண்டு மணிக்கு ஜார்ஜ் கார்லின் என்ற காமெடியனின் ஆல்பத்திலிருந்து கெட்ட வார்த்தைகள் பற்றிய ஒரு பகுதியைப் போட்டது. காரில் மகனோடு போய்க்கொண்டிருந்த ஒருவர் அதைக் கேட்டுவிட்டுப் புகார் எழுதினார். அந்த ஒரே புகார் உச்ச நீதிமன்றம் வரை போய், 1978-ல் ஐந்துக்கு நான்கு என்று வானொலிக்கு எதிராகத் தீர்ப்பானது. ஆனால் நீதிபதிகள் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். வானொலி கேட்காமலே வீட்டுக்குள் வந்துவிடுகிறது, குழந்தைகளும் கேட்டுவிடுகிறார்கள் என்றார்கள். கார்லின் ஆல்பம் விற்கக் கூடாது என்றோ மேடை ஏறக் கூடாது என்றோ அந்தத் தீர்ப்பில் இல்லை, அவர் 2008-ல் சாகும் வரை பேசிக்கொண்டுதான் இருந்தார். எங்களுடையது டிக்கெட் வாங்கி, பதினெட்டு வயசுக்கு மேல் என்ற போர்டைப் படித்துவிட்டு உள்ளே வரும் நிகழ்ச்சி. கேட்காமலே வீட்டுக்குள் வந்தது அந்த வாட்ஸ்அப் துண்டுதான். அதைக் குடும்ப குரூப்பில் தட்டிவிட்ட புண்ணியவான் யாரோ, குழந்தைகள் காதில் விழ வைத்தவர் அவர்தான்.

உங்கள் பயம் புரியாமல் இல்லை. 2025 மார்ச்சில் மும்பையில் ஒரு காமெடியன் பேசியதற்கு அவர் பேசிய அரங்கத்தை அடித்து நொறுக்கினார்கள். 2021 ஜனவரியில் இந்தூரில் ஒரு காமெடியனை மேடையில் சொல்லாத ஜோக்குக்காகப் பிடித்துக்கொண்டு போய் ஒரு மாசத்துக்கு மேல் ஜெயிலில் வைத்தார்கள். நாற்காலி உடைந்தால் காசு உங்களுடையது, அதற்கு வேண்டிய டெபாசிட் கேளுங்கள், தருகிறோம். ஆனால் பயந்தவர்கள் சொல்லிக் கொடுக்கும் முடிவு எங்கே போய் நிற்கும் என்பதை நம் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அமைதிப் பேச்சு என்று கூப்பிட்டு உட்கார வைத்த எழுத்தாளர் பெருமாள்முருகன், வெளியே வந்து, எழுதுபவன் செத்துவிட்டான் என்று அறிவித்தார். அவரைத் திரும்ப எழுத வைக்க 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

உங்கள் அரங்கத்தில் என்னதான் நடக்கவில்லை? பட்டிமன்றத்தில் மனைவியின் சமையலைக் கிண்டல் செய்யும் அதே ஜோக்குக்கு எத்தனையோ வருஷமாகக் கைதட்டுகிறோம், எந்த மனைவியின் மனமும் புண்பட்டதாகக் கமிட்டிக்குப் புகார் வரவில்லை. ரிசப்ஷனில் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் இரட்டை அர்த்தப் பாட்டுப் பாட, நாலு வயசுக் குழந்தையை மேடையேற்றி ஆடவிட்டு வீடியோ எடுக்கிறார்கள், அதற்கு ஸ்கிரிப்ட் கேட்டீர்களா? அந்தியூர், பவானிப் பக்கம் விடிய விடிய நடக்கும் கூத்தில் கோமாளி பேசுவதை எழுதி வாங்கினால் தாளே கூசிப்போகும். ஊர்ப் பெரிய தனக்காரரை அவர் எதிரிலேயே அவன் வாருவான், அவரும் சிரித்துக்கொண்டே பணம் குத்துவார். கோயமுத்தூர் குசும்பு என்று ஊர் பேரைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்வோம், அதைச் செய்வது ஒரு பெண் என்றதும் 'நிர்வாகக் காரணம்'!

கொஞ்சம் வேகமாகப் போய்விட்டேன், பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். திரும்பவும் மரியாதையாகவே கேட்கிறேன். ஆல்பம் ஒரு மணி நேரம் கூட இல்லை. உங்கள் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் காபி வருவதற்குள் முடிந்துவிடும். ஸ்பீக்கர் நாங்கள் கொண்டுவருகிறோம். கேட்ட பிறகும் எந்த வரி கூடாது என்கிறீர்களோ, அதை அந்தப் பெண்ணையே நேரில் கூப்பிட்டுச் சொல்லுங்கள், பதில் சொல்லத் தயாராக இருக்கிறார். 'ஒரு முதியவர்' மட்டும் வேண்டாம், பெரியப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் கொடுத்தால் திருப்பூர்க்காரர்கள் வருவார்கள். அட்வான்ஸைத் திருப்பி அனுப்பப் போவதாகச் சொன்னார்கள், அது உங்களிடமே இருக்கட்டும். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அந்த நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்றவர்களில் ஒருவன்,
திருப்பூர்.