கோட்டைக்குப் போகும்முன் வழக்குக் கட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மூத்த வழக்கறிஞர் பெருமக்களுக்கு,

வணக்கம். வக்கீல் ஒருவர் எம்.எல்.ஏ. ஆனாலும் ஜட்ஜாகப் போனாலும் சங்கத்துக்கே பெருமைதான். சால்வை போட்டு, பட்டாசு வெடித்து அனுப்பி வைக்கிறோம். மறுநாள் பூட்டிய ஆபீஸ் வாசலில் வந்து நிற்கும், வழக்கை நம்பிக் கொடுத்த கட்சிக்காரருக்கு யார் பதில் சொல்வது?

அண்மையில் அஞ்செட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அப்படித்தான் வந்து நின்றார். நிலத் தகராறு. எதிர்வழக்குரை (பதில்) போடாமலே வாய்தா ஓடி, எக்ஸ்பார்ட்டி டிக்ரி (ஒருதலைத் தீர்ப்பு) ஆகி 40 நாள் கழிந்திருந்தது. ரத்து மனுவுக்குக் கெடு 30 நாள். இனி தாமதத்தை மன்னிக்கக் கோரி ஒரு மனு, ரத்துக்கு ஒரு மனு, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ், ஒருவேளை செலவுத்தொகை. “எங்க வக்கீலு எம்.எல்.ஏ. ஆயிட்டாருங்க” என்று அவர் கூண்டேறிச் சொன்னால் போதுமா?

சரி, வேறு வக்கீல் வைக்கலாமே என்பீர்கள். புது வக்காலத்தில் (வக்கீலை நியமிக்கும் பத்திரத்தில்) பழைய வக்கீலின் ‘ஆட்சேபனை இல்லை’ கையெழுத்து வேண்டும். இல்லையென்றால் கோர்ட் அனுமதிக்குத் தனி மனு. உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 3, விதி 4-ன்படி, எழுத்து மூலம் கோர்ட் அனுமதியோடு முடித்துக்கொண்டாலோ, வழக்கே முடிந்தாலோ, இருவரில் ஒருவர் இறந்தாலோதான் வக்காலத்து முடியும். மந்திரியானால் முடியும் என்று அதில் எழுதவில்லை.

அதைவிடப் பெரிய தொல்லை கட்டு, அதாவது கட்சிக்காரரின் ஆவணங்களும் வழக்குத் தாள்களும் உள்ள கோப்பு. பதிவான கிரயப் பத்திரமென்றால் சார்பதிவாளர் ஆபீசில் நகல் வாங்கிவிடலாம். அந்த நகலைச் சான்றாக்கும்போதும் மூலப் பத்திரம் எங்கே என்ற கேள்வி எழலாம். மூலத்துக்குப் பதில் நகலை எப்போது ஏற்கலாம் என்பதை 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு சொல்கிறது. பதிவாகாத பங்குபாக முச்சலிக்கா (ஒப்பந்தச் சீட்டு), அப்பா காலத்துக் கிஸ்தி (நிலவரி) ரசீது, வெள்ளைத்தாளில் எழுதிய கடன் சீட்டு இதற்கெல்லாம் நகல் எந்த ஆபீசில் கிடைக்கும்? பீரோவில் கரையான் அரித்தால் நிலமே போச்சு.

பீஸ் பாக்கி என்று கட்டைப் பிடித்து வைப்பவர்களும் உண்டு. பாக்கிக்காகக் கட்டை நிறுத்திவைக்க வக்கீலுக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. அதே நீதிமன்றம் 2018-ல் சட்டமன்ற உறுப்பினர் வக்கீல் தொழில் செய்யத் தடையில்லை என்றது. அதை மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். தொழில் செய்யலாம் என்றால் வாய்தாவுக்கும் வரலாமே? ஊரெல்லாம் பேனரில் கறுப்புக் கோட்டோடு சிரிக்கிறவரைக் கோர்ட் ஹாலில் மட்டும் காணோம்.

பதவிக்குப் போவதைக் குறை சொல்லவில்லை. தலச்சேரி வக்கீல் வி.ஆர்.கிருஷ்ணய்யர் 1952-ல் சென்னைச் சட்டமன்றத்திலும், 1957-ல் கேரள அமைச்சரவையிலும், 1968-ல் உயர் நீதிமன்றத்திலும், 1973-ல் உச்ச நீதிமன்றத்திலும் உட்கார்ந்தவர்தான். நம் தொரப்பள்ளி ராஜாஜி சேலத்தில் நன்றாக ஓடிய தொழிலையே விட்டுவிட்டுப் போனவர். போங்கள். கட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஆகவே பணிவோடு கேட்பது: பதவியேற்கும் முன்பே நிலுவை வழக்குகளுக்குப் பட்டியல் போடுங்கள். வழக்கு எண், கோர்ட், அடுத்த வாய்தா, இருக்கும் மூல ஆவணங்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். கட்சிக்காரருக்குத் தபால் அனுப்பி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கட்டைக் கொடுங்கள். ஆட்சேபனை இல்லை என்பதை அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். ஜூனியரிடம் விடுவதானால் கட்சிக்காரரைக் கேட்டுவிட்டு, ஜூனியர் பெயரில் வக்காலத்துப் போடச் சொல்லுங்கள். பாராட்டு விழாத் தேதி குறிக்கும்போதே சங்கம் இந்தப் பட்டியலையும் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
வக்கீல் குமாஸ்தாக்கள் சிலர்