மைசூர் பயணம்: வழிகாட்டி முன்பதிவுக்கு உங்கள் பதில் தேவை

அனைவருக்கும் வணக்கம். பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை மைசூர் செல்கிறோம். அதிகாலை 4 மணிக்குக் கிருஷ்ணகிரியில் நம் குடியிருப்பு வாசலிலிருந்து வேன் புறப்படும். ஓசூர், பெங்களூரு வழி.

சென்ற முறை முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுத்துவிட்டோம். அரண்மனையை அரை மணியில் முடித்த வழிகாட்டி, பட்டுக் கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார். மாடி வீட்டுப் பாட்டி, அரண்மனைக்குள் இருக்கும் கல்யாண மண்டபத்துத் தசரா ஓவியங்களைப் பார்க்காமலே திரும்பினார். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

1. அரசு அடையாள அட்டை உள்ள, தமிழ் பேசும் வழிகாட்டியை மட்டுமே அமர்த்துவோம். எத்தனை மணி நேரம், எந்தெந்த இடங்கள், நுழைவுக் கட்டணம் சேர்த்தா தனியா, பயணம் ரத்தானால் பணம் திரும்புமா என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுவேன். கடைக்கு அழைத்துச் செல்லக் கூடாது. முன்பணம் கால் பங்குதான்.

2. ஒரு வழிகாட்டிக்கு 15 பேர். அதற்கு மேல் போனால் பின்னால் நிற்பவர்களுக்குக் குரல் எட்டாது.

3. அரண்மனைக்குள் செருப்பு கூடாது. காலுறை கொண்டு வாருங்கள்.

4. ஞாயிறு மாலை 7 மணியளவில் அரண்மனையில் விளக்கேற்றுவார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள் ஒன்றாக எரியும். அதைப் பார்த்த பிறகே கிளம்புவோம். வீடு சேர நள்ளிரவு தாண்டும்.

வருபவர்களின் பெயர், வயது, நடக்கச் சிரமப்படுபவர்கள் யார் என்ற விவரங்களை ஜனவரி 30, வெள்ளி இரவு 9 மணிக்குள் இங்கேயே பதிவிடுங்கள். மறுநாள் காலையில் முன்பணம் கட்ட வேண்டும்.