அம்மாச்சியின் பூண்டுக் கணக்கு

செண்பகனூர், கொடைக்கானல்
நவம்பர் 4

அன்புள்ள தோழி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று முன்தினம் கல்லறைத் திருநாள். அம்மாச்சி இல்லாமல், அம்மாச்சியிடமே போய் வந்தோம். மெழுகுத்திரி காற்றுக்கு நிற்கவில்லை. அரைத் தீப்பெட்டி காலியானதுதான் மிச்சம்.

ஆகஸ்ட் 15 மாதா திருவிழா முடிந்து பத்தாம் நாள் போய்விட்டாள். திருவிழா முடியட்டும் என்று காத்திருந்தாளாம். மாமா எல்லாரிடமும் சொல்கிறார். சப்பரத்தின் பின்னால் தூறலில் நனையாதே என்று எத்தனை தடவை சொன்னேன்! கேட்டால்தானே.

படிக்கிற நாளில் நீ எங்கள் வீட்டுச் சலேத் மாதா படத்தைப் பார்த்து, "இந்த அம்மா ஏன் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாள்?" என்று கேட்டாய், நினைவிருக்கிறதா? அம்மாச்சி அடுப்பில் சுட்ட கிழங்கை உன் கையில் வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். 1846 செப்டம்பரில் பிரான்ஸ் நாட்டு மலையொன்றில் மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகளுக்கு மாதா காட்சி கொடுத்தாள். அப்போது அவள் பேசியவற்றில் உருளைக்கிழங்கு அழுகிப்போனதும் உண்டு. கோதுமையும் கெடும், திராட்சையும் அழுகும் என்று அழுதாளாம். "கிழங்கு அழுகினால் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரிந்த மாதா" என்பாள் அம்மாச்சி. நம் மலைக்கு இவளைத்தான் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. கிழங்கு வயலில் நோய் விழுந்த வருடம் அந்தப் படத்தைப் பார்த்து அவள் சண்டை போட்டதையும் நான் கேட்டிருக்கிறேன்.

ஜெபமாலையைக் கழுத்தில் போட்டிருந்தாளே தவிர, கையில் எடுத்து நான் அதிகம் பார்த்ததில்லை. பூண்டு உரித்துக்கொண்டே சொல்வாள். மாதாவுக்குச் சொல்லும் மங்கள வார்த்தை ஜெபம் ஒன்றுக்கு ஒரு பல். இடையில் பரலோக மந்திரம் என்ற ஜெபம் வந்தால் உரிக்காத பல் ஒன்றை முறத்தின் ஓரத்தில் ஒதுக்குவாள். ஐம்பத்து மூன்று பல் சேர்ந்தால் ஒரு ஜெபமாலை. எங்கள் வீட்டில் பிரியாணி என்றால் இரண்டு ஜெபமாலை என்று அர்த்தம். கோவிலில் எல்லாரும் மங்கள வார்த்தையில் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று மாறி எத்தனையோ வருடமாகியும், இவள் மட்டும் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று பழையதையே சொல்வாள். "பிரியதத்தத்தினாலே பூரண... அடியே, பாலைப் பார்!... மரியாயே வாழ்க." பால் பொங்கினாலும் எண்ணிக்கை தவறாது.

2019இல் நம் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்துக் காட்டினேன். "அதனால் கிலோவுக்கு எவ்வளவு கூடும்?" என்றாள்.

முப்பதாம் நாள் பூசைக்குச் சமைக்கும்போது பூண்டு என் பங்குக்கு வந்தது. நான் ஜெபத்தில் அவ்வளவு பிடிப்புள்ளவள் இல்லை, உனக்குத் தெரியும். வாய் தானாகப் பழைய வார்த்தையைத்தான் எடுத்தது. நாற்பதுக்கு மேல் எண்ணிக்கை குழம்பி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். சித்தி எதுவும் கேட்காமல் இன்னொரு கட்டை அவிழ்த்து முறத்தில் கொட்டினாள்.

அடுப்புக்கு மேலே அவள் புகையில் கட்டித் தொங்கவிட்ட பூண்டு இன்னும் நான்கு கட்டு இருக்கிறது. விட்டால் முளைத்துவிடும். இரண்டை வத்தலக்குண்டு பஸ்ஸில் வரும் பையனிடம் உனக்குக் கொடுத்தனுப்புகிறேன். ரசத்துக்குத் தட்டிப் போடு. ஊறுகாய் போட்டு வீணாக்காதே, அவளுக்குப் பிடிக்காது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி